கோபக்காரச் சம்பந்தியும் நானும்

என் மகள் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, துணிப் பெட்டிகள், ஒரு தலையணை, தொட்டியோடு ஒரு மணி பிளான்ட் எல்லாம் வந்து இறங்கின. பேச்சு மட்டும் வந்து இறங்கவில்லை.

"சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டால் தலையசைப்பு. "உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்றால் இன்னொரு விதமான தலையசைப்பு. சின்ன வயதில் இவள் வாய் ஓயாமல் பேசியவள். பக்கத்து வீட்டு ஆடு, பஸ் கண்டக்டர், சளி பிடித்திருக்கும்போது நான் என்று எல்லோரையும் அப்படியே பேசிக் காட்டுவாள். சளி பிடித்த என்னை அவள் பேசிக் காட்டினால் எனக்கே மூக்கைச் சிந்த வேண்டும் போலிருக்கும். அந்தப் பிள்ளைதான் இப்போது காரைக்குடிப் பக்கம் மானகிரியில் எங்கள் வீட்டு நடுவறையில் ஒரு விருந்தாளியைப் போல ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் எனக்குப் பயம். பயம் முற்றிப்போய், அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை ஸ்குரு டிரைவரால் கழற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கேட்டால், "துருப் பிடிச்சுப் போச்சுத்தா, புதுசு மாத்தணும்" என்று சொல்வதற்குக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து நாற்காலி நகரும் சத்தத்துக்குக் காது கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

காரணத்தை என் மனைவிதான் மெல்ல மெல்லக் கேட்டு வாங்கி வந்தாள். அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

அலுவலகத்தில் எல்லோரும் போனில் முகம் பார்த்துக் கூடிப் பேசும் ஒரு கூட்டம். என் மகள் வாஞ்சையாக, "எல்லாரும் இருக்கீகளா?" என்று கேட்டிருக்கிறாள். நம் பக்கத்தில் மரியாதைக்குரியவர்களை அப்படித்தான் கேட்போம். வாரீகளா, போறீகளா, இருக்கீகளா. அங்கே ஒருவன், "ஈக்களா? எங்கே ஈ?" என்று கேட்டுக் கையை வீசி ஈ ஓட்டியிருக்கிறான். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து இவள் வாயைத் திறந்தாலே யாராவது ஒருவர் 'ங்ங்ங்' என்று ரீங்காரம் போட ஆரம்பித்தார்களாம். இவள் 'இருக்கீங்களா' என்று மாற்றிப் பார்த்தாள். நாக்கு நடுவில் நின்றுவிட்டது. பிறகு ஆங்கிலத்துக்குத் தாவினாள். பிறகு எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே அனுப்பினாள். பிறகு ராஜினாமாவையும் தட்டச்சு செய்தே அனுப்பிவிட்டு வந்துவிட்டாள்.

"ஒரு 'க'வுக்கா இம்புட்டுப் பாடு?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் கேக்கப் போகுது" என்றாள் மனைவி.

அப்போதுதான் என் படித்த மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. பிள்ளை மனத்தைப் புண்படுத்துவது இந்த 'ஈக' என்றால், வீட்டுக்குள் அந்தச் சத்தமே கேட்கக் கூடாது. இனி இந்த வீட்டில் யாரும் வாரீக, போறீக என்று பேசுவதில்லை. எல்லாம் 'ஈர்கள்' தான்.

"நீங்க சொல்றீக, ஆனா..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"சொல்கிறீர்கள்."

"என்னத்த?"

"சொல்றீக இல்லை. சொல்கிறீர்கள்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் பெற்றவள் அல்லவா, ஒத்துக்கொண்டாள். மறுநாள் காலை தொடங்கிற்று. "காபி குடிக்கிறீ... ர்களா?" என்று அவள் கேட்க, "குடிக்கிறேன், நீங்கள் குடித்துவிட்டீர்களா?" என்று நான் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை நான் 'நீங்கள்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பதற்றத்தில் வந்துவிட்டது. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டதோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். மகள் இட்லியைப் பிட்டபடி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் மனைவியின் அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் எழுந்து நின்று, "வாருங்கள் மச்சான், வந்து அமருங்கள். பயணம் எப்படி இருந்தது?" என்றேன். அவர் தனக்குப் பின்னால் வேறு யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். அவர் வந்ததே காரைக்குடிக்குள்ளிருந்து, ஸ்கூட்டரில்.

"மாப்ள, நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா?"

"தாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை."

"அப்பறம் ஏன் வக்கீல் நோட்டீஸு மாதிரிப் பேசுறீக?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய், "தங்கச்சி வீட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் வந்தவரை வாங்கன்னு கேட்காமல் விடுவது சோற்றுக்கு உப்புப் போடாமல் விடுவதைவிடப் பெரிய குற்றம். நான் போன் போட்டு, "வாருங்கள் என்று தெளிவாகத்தானே கேட்டேன்?" என்றேன். "அது கேட்டதா மாப்ள? ரயில்வே ஸ்டேசன்ல அறிவிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

கோபம் தணிந்த பிறகு அவரே ஒருநாள் என் வாட்ஸ்அப்புக்கு ஓர் ஆடியோ அனுப்பினார். 'மாப்ள, கேட்டுட்டுச் சிரிங்க' என்று கீழே எழுதியிருந்தார். ஒரு தடித்த ஆண் குரல். ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முழக்கம்.

"நான் மாப்பிள்ளையோட அப்பன் பேசுறேன். கோவமா இருக்கேன். கண்டனூர்ல கல்யாணம். வீடுன்னா வீடு, இந்த வாசல்ல நின்னு கூப்பிட்டா அந்த வாசலுக்குக் கேக்க நாளாகும். பன்னீர் தெளிச்சாக. எம்மேல மூணு சொட்டு விழுந்துச்சு. என் டிரைவர் மேல அஞ்சு சொட்டு. நான் எண்ணுனேன். வாங்கன்னு கேட்டாக, இல்லைங்கலை. ஆனா என்னையப் பாத்துக் கேட்டாகளா, எனக்குப் பின்னாடி இருந்த தூணைப் பாத்துக் கேட்டாகளான்னு எனக்குத் தெரியணும். அதனால திரும்ப வெளிய போயி, திரும்ப உள்ள வந்தேன். அப்பவும் தூணைப் பாத்துத்தான் கேட்டாக."

நான் சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மனிதரின் ஆடியோக்கள் வாராவாரம் வந்தன. பேர் கிடையாது, முகம் கிடையாது. கோபக்காரச் சம்பந்தி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் கேட்டேன், சலூனில் கேட்டேன், சாக்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். ஆடியோவோடு வரும் லிங்க்கில் ஜனங்கள் பேர் சொல்லாமல் அவருக்குக் குறைகளைப் பேசி அனுப்ப, அவர் கண்டபடி கோபித்துக்கொண்டு, கடைசியில் போகிறபோக்கில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்.

என் மகளுக்குக் கேட்கட்டும் என்று வீட்டில் சத்தமாகப் போட்டேன். "பாருத்தா, இந்த மனுசன் நம்ம பேச்சுல பேசி ஊரையே சிரிக்க வைக்கிறாரு" என்று சொல்லவும் செய்தேன். அவள் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலி நகர்ந்தது. புண்ணைக் குத்திவிட்டோமே என்று நான் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்ததால் சாப்பிட்டேன்.

அடுத்து நான் செய்ததை மனைவியிடம்கூட அப்போது சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போய், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, குரலை மாற்றி, சம்பந்திக்கு ஒரு ஆடியோ பேசி அனுப்பினேன். "ஐயா, நான் சிங்கப்பூர்லேருந்து பேசுறேன்" என்று ஆரம்பித்தேன். ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. பின்னால் ஒரு சேவல் கூவியதை நான் கவனிக்கவில்லை. "எனக்கு ஒரே மக. பேசவே மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குங்கய்யா. கதவைச் சாத்துனா பயமா இருக்கு. தொறந்து வச்சாலும் பயமா இருக்கு. அவகிட்ட இதைச் சொன்னா இன்னும் கஷ்டப்படுவான்னு சொல்லலை. நான் என்ன செய்யணும்?" என்று முடிப்பதற்குள் கைக்குட்டை நனைந்துவிட்டது.

அந்த வாரம் சம்பந்தி வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தார். என் கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சிங்கப்பூர்லேருந்து ஒருத்தவுக கேட்டிருக்காக. சிங்கப்பூர்ல சேவலெல்லாம் நல்லாக் கூவுது போல. ஐயா, நான் கோவமா இருக்கேன். பேசாத புள்ளையெல்லாம் பேச்சைத் தொலைச்ச புள்ளையில்லை. எங்குட்டோ பத்திரமா வச்சிருக்கும். நேரம் வரும்போது எடுக்கும். நீங்க பயப்படாம இருங்க. அதுக்கு முன்னாடி, வீட்டுக்குள்ள நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் செய்தி வாசிக்கிறதை நிப்பாட்டுங்க. கேக்கச் சகிக்கலை."

நான் அசந்துபோனேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "என்ன மாதிரி ஞானம் பாரு! நாம வீட்டுக்குள்ள அப்பிடிப் பேசுறது அந்த மனுசனுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லவே இல்லை!"

மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதானே, எப்பிடித் தெரியும்?" என்று மட்டும் சொன்னாள். எங்கள் 'ஈர்கள்' அன்றோடு ஒழிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பின்கட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். மகள் அறையில் ஆள் சத்தம். ஆண் குரல். கதவுக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். "என்னைய என்ன வெறும் ஆளுன்னு நினைச்சீகளா? மாப்பிள்ளையோட அப்பன்!" என்று ஒரு முழக்கம்.

சம்பந்தி! கோபக்காரச் சம்பந்தி என் மகள் அறைக்குள் இருக்கிறார்! கல்யாண வயதில் மகன் இருப்பதாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அப்படியானால் என் வயதுக்கு மேலிருக்கும். எப்படி உள்ளே வந்தார்? எவ்வளவு நாளாக வருகிறார்? டிரைவர் எங்கே நிற்கிறான்? கதவைத் தள்ளினேன். நாற்காலி தடுத்தது. ஒட்டடைக் கம்போடு நடுவறையில் திரும்பியபோது கம்பின் மறுமுனை காலண்டரைக் கீழே தள்ளிற்று. சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

"ஆளு இருக்கான் உள்ள" என்றேன், மூச்சு வாங்க.

அவள் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கச் சன்னலுக்கு இழுத்துப் போனாள். "சத்தம் போடாம எட்டிப் பாருங்க. கம்பை அங்கிட்டு வைங்க மொதல்ல."

சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கட்டில் மேல் என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடாக ஒரு போர்வை. மடியில் எங்கள் எவர்சில்வர் குடம். அதன் வாயருகே வாயை வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, என் மகள் கத்திக்கொண்டிருந்தாள். "இலையில அப்பளம் வச்சாக. முழு அப்பளமா? உடைஞ்ச அப்பளம்! தெரிஞ்சே உடைச்ச மாதிரி உடைஞ்சிருக்கு!" அதைச் சொல்லும்போது ஒரு கை தானாக இடுப்பில் போய் நின்றது. இன்னொரு கை இல்லாத மீசையை முறுக்கிற்று.

"மாசக் கணக்காக் குடத்தைத் தேடுறேன்" என்று மனைவி என் காதில் சொன்னாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க சிங்கப்பூர்லேருந்து பேசுனப்பவே தெரியும்."

நாங்கள் இருவரும் வாழைக்கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டோம். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்து, விக்கல்தான் வெளியே வந்தது. அப்படியென்றால் நான் 'பயமா இருக்கு' என்று சொன்னது அவளிடமே. அவள் 'பயப்படாம இருங்க' என்று சொன்னது என்னிடமே. நடுவறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து இட்லி தின்னும்போது எங்களால் சொல்ல முடியாததை, நான் கைக்குட்டைக்குப் பின்னால் இருந்தும் அவள் குடத்துக்குப் பின்னால் இருந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உடனே உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள எழுந்தேன். மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்குட்டுப் போறீக?"

"சொல்ல வேண்டாமா? பெருமையா இருக்குத்தான்னு..."

"சொல்லிக்கிட்டுப் போனீகன்னா அம்புட்டுத்தான். நாளைக்கே குடம் அடுப்படிக்கு வந்துரும். புள்ளை பழையபடி வாயை மூடிக்கிரும். அவளுக்கா எப்பத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். நமக்குத் தெரியாது. என்ன?"

"தெரியாது" என்றேன்.

"மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

"எப்பிடி வச்சுக்கிறது?"

அதுதான் பிரச்சினை. மறைப்பது என்றாலே கள்ளத்தனம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சென்னையில் என் மகள் தன் பேச்சை ஒளித்துக்கொண்டபோது உள்ளுக்குள் ஆளே சுருங்கிப் போனாள். இங்கே முகத்தை ஒளித்துக்கொண்டதும் அதே பேச்சு மீசை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எதை மறைக்கிறோம் என்பதில் இருக்கிறது போலிருக்கிறது. இது புரிந்துவிட்டது எனக்கு. ஆனால் புரிந்ததை முகத்தில் காட்டாமலிருக்கத்தான் வழி தெரியவில்லை. அவள் எதிரில் வந்தாலே எனக்கு இளிப்பு வந்தது. செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். தலைகீழாகப் பிடித்திருப்பதை மனைவி வந்து திருப்பி வைப்பாள். கடைசியில் பல்வலி என்று சொல்லித் தாடையோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டேன். ஒரு வாரம் அப்படித் திரிந்தேன். பல்வலிக்காரனுக்குச் சிரிப்பு வந்தாலும் வலியில் முகம் கோணுவதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கண்டனூரில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் வந்தது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு, அன்றைக்கு எல்லா வாசலும் திறந்து ஜனமாக இருந்தது. மகளும் வந்தாள், வழக்கம்போல வாயைத் திறக்காமல். பந்தியில் எனக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் மச்சான். எதிர் வரிசையில் யாரோ சம்பந்தியின் ஆடியோவைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் சிரித்து முடித்ததும் மச்சான் தொண்டையைச் செருமினார்.

"இந்த ஆளு யாருன்னு ஊருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நம்ம கூடப் படிச்சவன்தான். ஒரே பெஞ்சு."

என் கையிலிருந்த சீயம் நின்றது. மச்சான் என் மகள் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன மருமகளே, நீயும் அந்த ஆளுகிட்ட ரெண்டு நாள் டியூசன் போயேன். வாயைத் தொறந்தா முத்தா கொட்டிரும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யோவ் மச்சான், அந்தச் சம்பந்தி வேற யாருமில்லை, எம்..." என்று வாய் திறந்துவிட்டது. எதிர் வரிசைக் கோடியிலிருந்து மனைவியின் பார்வை ஒன்று வந்தது. நான் சீயம் முழுவதையும் வாய்க்குள் அடைத்தேன். உளுந்து மாவில் தோய்த்துப் பொரித்த பூரணம், சுடச்சுட. கண்ணில் தண்ணீர் கொட்டியது. தொண்டையில் அடைத்தது.

ஒரு கை என் முதுகைத் தட்டிற்று. "மெதுவாத் தின்னுங்கப்பா" என்றாள் என் மகள். நான் இருமலை அடக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். அவள் தண்ணீர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டி அவள் மாமனைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, அவரு ஆளு எப்பிடி இருப்பாக?"

மச்சானுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சமாளித்துக்கொண்டார். "ஆறடி இருப்பான். வாட்டசாட்டம்."

"மீசை?"

"இருக்காதா பின்ன? இம்புட்டு."

"முறுக்குனதா, தொங்கலா?"

"அது... காலையில முறுக்கி இருப்பான். சாயங்காலம் தொங்கிரும்."

வரிசையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் விடவில்லை. "உங்ககிட்டப் பேசும்போதும் அப்பிடித்தான் கத்துவாகளா மாமா?"

"எங்கிட்டயா? சேச்சே. நேர்ல சத்தமே வராது. ரொம்பக் கூச்ச சுபாவம்."

"கூச்சமா இருக்கவுகளைப் போயி வாயைத் தொறன்னு அதட்டலாமா மாமா? பாவம்ல" என்றாள் அவள், முகத்தில் ஒரு ரேகை மாறாமல். பந்தியே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மச்சானும் சிரித்தார். இந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள இவள் யாரிடம் கற்றாள் என்று யோசித்தேன். என்னிடமில்லை என்பது நிச்சயம்.

அதன் பிறகு வீட்டில் அவள் ஒன்றிரண்டு பேச ஆரம்பித்தாள். உப்பு கூட, உப்புக் குறைச்சல், ஃபேனை நிப்பாட்டுங்க. எனக்கு அதெல்லாம் சங்கீதம். ஆனால் பயம் இன்னும் விட்டுப் போகவில்லை. அறைக்குள் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆனால், இப்போதும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பதிவு செய்கிறாள் என்று தெரிந்துவிட்டதால், அந்த நேரத்தில் மனைவி மிக்ஸி போடுவதில்லை. குக்கர் வைப்பதில்லை. தெருவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆடுகளை விரட்டுவேன். அப்படி ஒரு ஞாயிறன்று மீன்காரர் மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே ஓடி இரண்டு கையையும் விரித்தேன்.

"அடிக்காதீக, அடிக்காதீக!"

அவர் பதறி வண்டியை நிறுத்தினார். "என்னங்க, வீட்டுல யாரும் தவறிட்டாகளா?"

"அதெல்லாம் இல்லை. உள்ள சம்பந்தி இருக்காக."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மீன்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா! பாப்பாவுக்கு முடிஞ்சிருச்சா? சொல்லவே இல்லை பாருங்க" என்று சொல்லி, வண்டியை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டே போனார். தெருமுனை தாண்டியதும் ஹாரன் சத்தத்துக்குப் பதிலாகச் செய்தியை விற்றிருக்க வேண்டும். மதியத்துக்குள் அக்கம்பக்கத்தார் சிரித்தபடி எட்டிப் பார்த்தார்கள். மச்சான் போனில் குதித்தார். "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்குத் தெரியாம சம்பந்தமா பேசுறீக?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் நின்றுகொண்டிருக்கிறாள்.

"அப்பா, எனக்கு எப்பக் கல்யாணம்?"

"யாருக்கு?"

"சம்பந்தி வந்திருக்காகன்னு மீன்காரருகிட்டச் சொன்னீகளாம்."

நான் ஃபேனைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று, "அவுகளுக்கு இன்னும் பல்லுவலி போகலை" என்றாள். துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் குடம் அடுப்படிக்கு வந்துவிடுமே.

"வந்தாக" என்றேன். "போயிட்டாக."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"கோவமாவா போனாக?"

"எப்பவும் போலத்தான்."

"ஓ" என்றாள். திரும்பி அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரோ சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அழுகையோ என்று பயந்து மனைவியைப் பார்த்தேன். "சிரிப்புத்தான்" என்றாள் அவள்.

அந்த வாரத்து ஆடியோவில் சம்பந்தி பொங்கி எழுந்தார். "ஒரு வீட்டுக்கு நான் வந்திருக்கேன்னு வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. வாராவாரம் வாரேன். நாள் பூராக் கத்துறேன். தொண்டை காஞ்சு போகுது. ஒரு வாய் காபி குடுத்தாகளா?"

அடுத்த ஞாயிறு மனைவி ஒரு டம்ளர் காபி கலந்து, தட்டால் மூடி, அறை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். நாங்கள் இருவரும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் காலி டம்ளர் வெளியே வந்தது.

சர்க்கரை கம்மி என்று அதற்கடுத்த வாரம் கோபித்துக்கொண்டார்.